திருவையாற்று ஐந்தும் நம் வாசல் பத்தும்

சமயபுரத்திலிருந்து கொள்ளிடத்தைத் தாண்டினால் திருவரங்கம். தாண்டாமல் கிழக்கே போனால் லால்குடி. பேருந்தில் ஒரு மணி நேரத்துக்குள் போய்வரக்கூடிய இந்த வட்டத்துக்குள் தியாகராஜ சுவாமிகள் பத்துக் கீர்த்தனைகளை விட்டுச் சென்றிருக்கிறார். அரங்கநாதர் மீது ஐந்து: காம்போதியில் 'ஓ ரங்கசாயி', தேவகாந்தாரியில் 'வினராதா', சாரங்காவில் 'கருண ஜூடவய்யா', ஆரபியில் 'ஜூதாமு ராரே', தோடியில் 'ராஜுவெடல'. லால்குடி சப்தரிஷீசுவரர் மீதும் அம்பாள் ஸ்ரீமதி மீதும் ஐந்து: தோடியில் 'கதி நீவனி', காம்போதியில் 'மஹித ப்ரவ்ருத்த', பைரவியில் 'லலிதே', கல்யாணியில் 'ஈச பாஹிமாம்', மத்தியமாவதியில் 'தேவ ஸ்ரீ தபஸ்தீர்த்த'. எழுபது வயதைக் கடந்த பிறகு காஞ்சி, திருப்பதி என்று சுவாமிகள் மேற்கொண்ட யாத்திரையை ஒட்டி இவை பிறந்தன என்பது சீடர் மரபில் வரும் செய்தி. அவருடைய கலை முழுக்கக் கனிந்திருந்த காலம் அது. இருந்தும், பஞ்சரத்தினம் என்று சொன்னவுடன் திருச்சிக்காரருக்கும் நினைவுக்கு வருவது நாட்டை, கௌளை, ஆரபி, வராளி, ஸ்ரீ என்ற கனராக ஐந்துதான். திருவரங்கத்து ஐந்தையும் லால்குடி ஐந்தையும் வரிசையாகச் சொல்லக்கூடியவர்கள் இசை பயின்றவர்களிலேயே குறைவு.

இந்த ஏற்றத்தாழ்வுக்குக் காரணம் என்ன? சிறந்தது நின்றது, மற்றது பின்தங்கியது என்ற விடை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. அந்த விடை தவறு என்று கருதுகிறேன். ஒரு படைப்பு ஊரறியப் பெயர் பெறுவதற்குத் தரம் வேண்டும். ஆனால் தரம் மட்டும் இருந்தால் போதாது. அதைப் பாடுவதற்கு ஒரு நாள், பாடுவதற்கு ஓர் இடம், அந்த இடத்துக்கு ஏற்ற வடிவம் ஆகிய மூன்றும் கூடிவர வேண்டும். கனராக ஐந்துக்கு இவை மூன்றும் ஒரே காலகட்டத்தில் அமைந்தன. நம் வாசலில் உள்ள பத்துக்கு மூன்றில் ஒன்றுகூட முழுதாக அமையவில்லை. தியாகராஜருடைய கீர்த்தனைகள் அச்சேறிய வரலாற்றையும் திருவையாற்றில் அவருக்கு நடக்கும் ஆராதனை வளர்ந்த கதையையும் கச்சேரி உருமாறிய விதத்தையும் சேர்த்துப் பார்த்தால் இது விளங்கும்.

கனராக ஐந்தும் பிறந்த அன்றே இன்றைய பீடத்தில் ஏறிவிடவில்லை. 1847 ஜனவரியில் சுவாமிகள் மறைந்தார். திருவையாற்றில் காவிரிக் கரையிலிருந்த அவருடைய சமாதி கவனிப்பாரின்றிக் கிடந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் உமையாள்புரம் கிருஷ்ண பாகவதர், சுந்தர பாகவதர் ஆகிய முதிய சீடர்களின் முயற்சியில் அது செப்பனிடப்பட்டது. தில்லைஸ்தானம் நரசிம்ம பாகவதர் 1908-இல் கீர்த்தனைகளை நூலாக வெளியிட்டார். அதே ஆண்டுகளில் ஆராதனை பெரிதாக வளர்ந்து, பெரிய கட்சி, சின்னக் கட்சி என்று இரண்டாகப் பிளந்தது. இரு கட்சியும் பெண்களைப் பாட விடவில்லை. தேவதாசி மரபில் வந்த பெங்களூர் நாகரத்தினம்மாள் தன் சொத்தைச் செலவிட்டு இடம் வாங்கி, 1920-களில் சமாதிக்குக் கோயில் எழுப்பினார். பெண்கள் பாடத் தனியாக ஓர் ஆராதனையையே நடத்தினார். 1940-ஐ ஒட்டிய ஆண்டுகளில் எல்லாத் தரப்பும் ஒன்று சேர்ந்தன. ஒன்று சேர்ந்தவர்கள் எல்லோரும் ஒரே வேளையில் அஞ்சலி செலுத்த ஒரு பொதுப் பாட்டு தேவைப்பட்டது. அந்தத் தேவைக்குத்தான் கனராக ஐந்தும் கூட்டாகப் பாடும் பாட்டாயின. இன்று நாம் காணும் கோஷ்டி கானம், வித்துவான்களும் மாணவர்களும் வரிசையாக உட்கார்ந்து ஒரே குரலில் பாடும் காட்சி, ஒரு சமரசத்தின் விளைவு. இருநூறு ஆண்டு மரபாகத் தோன்றும் அந்தக் காட்சிக்கு இன்னும் நூறு வயது ஆகவில்லை.

அந்தச் சமரசத்துக்குச் சற்று முன்புதான், 1939 மே மாதத்தில், திருச்சி வானொலி நிலையம் தொடங்கியது. திருவையாற்று ஆராதனையின் பஞ்சரத்தினத்தை வீடுதோறும் கொண்டு சேர்த்தது இந்த நிலையம்தான். தை மாதத்து பஹுள பஞ்சமியன்று காலையில் வானொலிப் பெட்டி முன் உட்கார்வது காவிரிக் கரைக் குடும்பங்களில் ஒரு வழக்கமாகவே ஆயிற்று. திருவரங்கத்துக்கும் லால்குடிக்கும் பக்கத்திலேயே இருந்த ஒலிபரப்புக் கோபுரம் ஐம்பது கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள ஐந்தை நாடறியச் செய்தது. அருகிலிருந்த பத்தும் கச்சேரிகளுக்கு இடையே உதிரிப் பாட்டுகளாகத்தான் ஒலித்தன. நிலையத்தின் மேல் இதில் குற்றமில்லை. வானொலிக்கு நிகழ்ச்சி வேண்டும். நிகழ்ச்சி திருவையாற்றில் இருந்தது.

மேல்நாட்டு இசையிலிருந்து ஒரு வரலாற்றை இங்கே பக்கத்தில் வைத்துப் பார்ப்பது பயன் தரும். தியாகராஜரைவிட முப்பது ஆண்டு இளையவரான வியன்னாவின் ஃப்ரான்ஸ் ஷூபர்ட் தமது கடைசி ஆண்டுகளில் 'பெரிய' என்று அடைமொழி பெற்ற சி மேஜர் சிம்பொனியை எழுதினார். வியன்னாவின் இசைச் சங்கம் அது மிக நீளம், மிகக் கடினம் என்று ஒதுக்கிவிட்டது. 1828-இல் அவர் இறந்தார். பத்தாண்டுகள் அது அண்ணன் ஃபெர்டினாண்டிடம் காகிதக் கட்டாகக் கிடந்தது. அங்கே போன ராபர்ட் ஷூமன் அதைக் கண்டெடுத்து லைப்ஸிக்குக்கு அனுப்ப, 1839 மார்ச்சில் மெண்டல்சன் அதை அரங்கேற்றினார். அதற்குப் பிறகும் பாதை எளிதாகிவிடவில்லை. 1844-இல் லண்டனில் ஒத்திகையின்போது வாத்தியக்காரர்கள் சிரித்ததால் மெண்டல்சன் அதை நிகழ்ச்சியிலிருந்தே எடுத்துவிட்டார். இன்று அது உலகின் பெரிய சிம்பொனிகளில் ஒன்று. 1828-க்கும் இன்றைக்கும் இடையே அந்த இசையில் ஒரு சுரம்கூடக் கூடவில்லை, குறையவில்லை. மாறியதெல்லாம் அதைத் தாங்கக்கூடிய இசைக்குழுவும், நீளத்தைப் பொறுக்கக் கற்ற சபையும், அதற்காக வாதாடிய இரண்டு மனிதர்களும்தான்.

ஒப்புமை இத்துடன் நிற்கிறது. இதற்குமேல் நமக்குள்ள ஆபத்து பெரியது. சிம்பொனி காகிதத்தில் முழுதாக இருக்கும். பத்தாண்டு பெட்டிக்குள் கிடந்தாலும் எடுத்து வாசிக்கலாம். கீர்த்தனை அப்படிக் கிடக்க முடியாது. சாகித்தியம் ஏட்டில் தங்கும். பிடியும் கமகமும் சங்கதிகளின் ஏற்ற இறக்கமும் தொண்டையிலிருந்து தொண்டைக்குத்தான் போகும். ஒரு தலைமுறை பாடாமல் விட்டால் மிஞ்சுவது வரிகளும் ராகத்தின் பெயரும் மட்டுமே. இந்த ஆபத்தை முதலில் உணர்ந்தவர்களில் ஒருவர் ஏ.எம். சின்னசாமி முதலியார். கிறிஸ்தவரான அவர் 1890-களிலேயே வாலாஜாபேட்டை சீடர் மரபினரிடம் கேட்டு, தியாகராஜர் கீர்த்தனைகளை ஐரோப்பியச் சுரக்குறிப்பில் எழுதி வெளியிடத் தொடங்கினார். பணியை முடிக்க அவருக்கு ஆயுளும் பொருளும் வாய்க்கவில்லை. பின்னால் ஆர். ரங்கராமானுஜ ஐயங்காரின் 'கிருதிமணிமாலை' போன்ற தொகுதிகள் தமிழ் எழுத்தில் சுரப்படுத்திக் கொடுத்தன. ஆயினும் அச்சு ஒரு பாட்டை நினைவூட்டும். அதைப் பாட வைக்காது. இந்தப் பத்தும் புத்தகங்களில் இருக்கின்றன. அரிதானவை புத்தகங்களில் மட்டும் இருக்கின்றன.

இனி வடிவத்துக்கு வருவோம். விஷயத்தின் மையம் இங்கேதான் இருக்கிறது. கனராக ஐந்தும் ஆதி தாளத்தில் அமைந்தவை. ஒவ்வொரு சரணமும் சுரமும் சாகித்தியமுமாகக் கட்டப்பட்டிருக்கிறது. எந்தச் சுரத்துக்கு எந்த அட்சரம் என்பது முன்கூட்டியே தீர்மானமானது. பாடகர் தம் மனோதர்மத்தால் விரித்துச் சொல்ல அதில் இடம் குறைவு. ஆகவே நூறு பேர் சேர்ந்து பாடினாலும் குலையாது. ஐந்தையும் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் பாடி முடிக்கலாம். திருவரங்கத்து ஐந்தும் லால்குடி ஐந்தும் நேர்மாறானவை. பல்லவி, அனுபல்லவி, சரணம் என்ற கீர்த்தனை அமைப்பில் சங்கதி சங்கதியாக வளர்பவை. சங்கதிகள் பாடாந்தரத்துக்குப் பாடாந்தரம் வேறுபடும். ஒருவர் ஏழு பாடும் இடத்தில் இன்னொருவர் நான்கு பாடுவார். பாட்டுக்கு முன் ஆலாபனையும், நடுவில் நிரவலும், பின்னால் கற்பனைசுரமும் கேட்டு நிற்பவை இவை. லால்குடி ஐந்தில் தாளங்களும் ஒன்றாக இல்லை. இவற்றைக் கூட்டமாகப் பாட முயன்றால், எல்லோருக்கும் பொதுவான எலும்புக்கூடுதான் கேட்கும்; உயிர் தனிக்குரலில்தான் இருக்கிறது.

அப்படியானால் தனிக்குரல் அரங்கேறும் கச்சேரியில் இவை ஏன் தொகுப்பாக இடம் பெறவில்லை? அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் வகுத்துக் கொடுத்த கச்சேரிப் பத்ததியில் இதற்கு விடை இருக்கிறது. வர்ணத்தில் தொடங்கி, சின்னதும் நடுத்தரமுமான உருப்படிகளைக் கடந்து, ஒரு பெரிய ராகத்தில் பிரதான உருப்படியைப் பாடி, துக்கடாக்களில் இறங்குவது அந்த முறை. ஒரே சாயலுள்ள ராகங்கள் அடுத்தடுத்து வரக்கூடாது. பிரதானம் என்று ஒன்றுதான் இருக்கும். இந்த அளவுகோலில் லால்குடி ஐந்தை வைத்துப் பாருங்கள். தோடி, காம்போதி, பைரவி, கல்யாணி நான்கும் பிரதான ராகங்கள். ஐந்து கீர்த்தனைகளில் நான்கு, ஒரு மாலையின் முழுக் கனத்தையும் தனியாகக் கேட்கின்றன. கச்சேரி என்ற அமைப்பே இந்தத் தொகுப்பைப் பிரித்துப் போட்டுவிட்டது. 'ஓ ரங்கசாயி'க்கு நேர்ந்ததும் இதன் மறுபக்கம்தான். காம்போதியின் முழு உருவத்தையும் காட்டவல்ல அந்தப் பாட்டு பிரதான இடத்துக்கென்றே செய்ததுபோல் பொருந்தியது. எம்.எஸ். சுப்புலட்சுமி உட்படப் பெரிய பாடகர்கள் அதைக் கையாண்டார்கள். இன்று அதை அறியாத ரசிகர் இல்லை. உடன்பிறந்த நான்கும் அந்தப் புகழில் பங்கு பெறவில்லை. சாரங்காவும் ஆரபியும் கச்சேரியில் நடுத்தர இடத்துக்குரிய ராகங்கள். அங்கே போட்டி போட நூறு பாட்டுகள் இருக்கின்றன.

கச்சேரி கைவிட்டாலும் கோயில் தாங்கியிருக்கலாமே என்று கேட்கலாம். திருவரங்கத்தில் இசைக்கு எந்தக் காலத்திலும் பஞ்சமில்லை. நாதமுனிகள் வழிவந்த திவ்வியப் பிரபந்தமும், பகல்பத்து இராப்பத்தில் அரையர் சேவையும், இரவில் வீணை ஏகாந்தமும், புறப்பாட்டுக்கு நாகசுரமும் என்று அரங்கனின் நாளும் ஆண்டும் ஏற்கெனவே இசையால் நிறைந்திருந்தன. அங்கே புதிதாக ஐந்து தெலுங்குக் கீர்த்தனைகள் நுழைய இருக்கை காலியாக இல்லை. திருவையாற்றுச் சமாதியின் நிலை வேறு. அதற்கென்று ஒரு வழிபாட்டு இசை இல்லை. ஆகவே ஒன்று உண்டாக்கப்பட்டது. வேளையும் நாளும் வாய்த்த இசை எப்படி நிலைக்கும் என்பதற்குச் சமயபுரமே சான்று. மாரியம்மன் தாலாட்டுக்கு இயற்றியவர் பெயர் பொதுமக்கள் நினைவில் இல்லை. சபாக்கள் அதைப் பேணவில்லை. பாட்டு வகுப்புகளில் அது பாடமில்லை. ஆனால் மாசிக் கடைசி ஞாயிறு பூச்சொரிதல் தொடங்கி, அம்மனே பக்தர்களுக்காக இருக்கும் பச்சைப்பட்டினி விரதம் கடந்து, சித்திரைத் தேர் வரை, பம்பையும் உடுக்கையும் கேட்கும் இடமெல்லாம் அது ஒலிக்கிறது. அம்மை கண்ட வீட்டில் வேப்பிலைக்கு நடுவே பாடப்பட்ட காலத்திலிருந்து அது ஒரு தலைமுறைகூட இடைவெளி விட்டதில்லை.

லால்குடியில் கோயிலும் சபையும் செய்யாததை ஒரு குடும்பம் செய்தது. தியாகராஜரின் சீடரான லால்குடி ராமய்யரின் அழைப்பின்பேரில்தான் சுவாமிகள் அந்த ஊருக்கு வந்தார் என்று மரபு சொல்கிறது. அவருடைய கொள்ளுப்பேரன் வயலின் மேதை லால்குடி ஜெயராமன். தந்தை கோபாலய்யர் வழியாக வந்த பாடாந்தரத்தில் இந்த ஐந்தும் அவரிடம் பத்திரமாக இருந்தன. அவரும் அவருடைய மக்களும் சீடர்களும் பாடியும் வாசித்தும் அவற்றை வெளியுலகத்துக்குக் கொடுத்தார்கள். லால்குடி பஞ்சரத்தினம் என்ற பெயர் இன்று ஓரளவு புழங்குகிறது என்றால் அதில் பெரும்பங்கு அவருக்குரியது. ஒரே கூரையின் கீழ் இவ்வளவு பெரிய செல்வம் நூறாண்டுக்கு மேல் காக்கப்பட்டது வியப்புக்குரியது. ஒரே கூரையை நம்பியே இருக்க நேர்ந்தது கவலைக்குரியது. திருவரங்கத்து ஐந்துக்கு அந்த ஒரு கூரைகூடக் கிடைக்கவில்லை.

நாளும் இடமும் வடிவமும்தான் காரணம் என்ற என் வாதத்துக்கு எழக்கூடிய மறுப்புகளில் வலுவானது தரம் பற்றியது. கனராக ஐந்தும் கட்டமைப்பில் ஈடிணையற்றவை, காலம் சரியாகத்தான் தேர்ந்தெடுத்தது என்பார்கள். முதல் பாதியை முழு மனதோடு ஒப்புக்கொள்கிறேன். வராளிக் கீர்த்தனைக்கு இணையாக ஒன்றைக் காட்டுவது கடினம். ஆனால் காலம் தேர்ந்தெடுத்தது தரத்துக்காக மட்டும்தான் என்றால், அந்த வராளிக் கீர்த்தனைக்குக் கூட்டுப் பாடலுக்கு வெளியேயும் ஸ்ரீராகக் கீர்த்தனைக்கு ஈடான புழக்கம் இருந்திருக்க வேண்டும். அப்படி இல்லை. வராளியைக் குரு சீடனுக்கு நேரே சொல்லிக்கொடுக்கக் கூடாது என்ற நம்பிக்கைகூட அதன் குறுக்கே நின்றது. ஆண்டுதோறும் எல்லோரும் அதைப் பாடுவதற்குக் காரணம் அது அந்த வரிசையில் இருப்பது. வரிசை ஒரு பாட்டைத் தூக்கி நிறுத்தும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

மொழி பற்றிய மறுப்பை அலட்சியமாகத் தள்ளிவிட முடியாது. தெலுங்கிலும் வடமொழியிலும் உள்ள பாட்டுகள் தமிழ் மக்களிடம் எப்படிப் பரவும் என்ற கேள்வி நியாயமானது. 1940-களில் தமிழிசை இயக்கம் எழுந்ததும் அந்த நியாயத்தால்தான். என்றாலும் கனராக ஐந்திலும் தமிழ் இல்லை. ஒன்று வடமொழி, மற்றவை தெலுங்கு. ஆகவே மொழியைக் கொண்டு இந்த ஐந்துகளுக்கிடையே உள்ள வேறுபாட்டை விளக்க முடியாது. தமிழ்ப் பாட்டுகளின் கதையும் இதையே சொல்கிறது. அருணாசலக் கவிராயர் தமது ராம நாடகத்தைத் திருவரங்கத்தில்தான் அரங்கேற்றினார். பழைய மெட்டுகள் மங்கிப்போன அந்தப் பாடல்கள் இருபதாம் நூற்றாண்டுக் கச்சேரி மேடையில் மறுவாழ்வு பெற்றது அரியக்குடி போன்றவர்கள் மெட்டமைத்துப் பாடியதால். ஆண்டாளின் திருப்பாவைக்கும் அவர் மெட்டமைத்தார். மார்கழி என்ற மாதம் ஏற்கெனவே காத்திருந்ததால் முப்பதும் சில பத்தாண்டுகளில் வீட்டுப் பாட்டாகிவிட்டன. தமிழாக இருந்தாலும் பாடுவதற்கு ஒரு வேளை வேண்டியிருந்தது.

பஞ்சரத்தினம் என்பதே பின்னால் வந்தவர்கள் போட்ட பெயர், சுவாமிகள் தொகுப்பாக நினைத்தே இவற்றைப் பாடவில்லை, எனவே தொகுப்பாகக் கேட்க வேண்டிய கட்டாயமில்லை என்றும் சொல்லலாம். கனராக ஐந்துக்கும் இதே வாதம் பொருந்தும் என்பது ஒரு பக்கம். மறுபக்கம், திருவரங்கத்து ஐந்தையும் சேர்த்துக் கேட்கும்போது தனித்தனியாகக் கேட்டால் கிடைக்காத ஒன்று கிடைக்கிறது. தோடியிலும் ஆரபியிலும் புறப்பாடு: அரசன் எழுந்தருள்கிறான், பார்க்க வாருங்கள் என்று பிறரை அழைக்கும் குரல், வீதியின் உற்சாகம். தேவகாந்தாரியிலும் சாரங்காவிலும் அந்தக் குரல் கூட்டத்திலிருந்து விலகி, என் விண்ணப்பம் கேட்காதா, கருணையோடு பார் என்று தனியாகக் கெஞ்சுகிறது. காம்போதியில் உரிமையோடு கோபித்துக்கொள்கிறது: இந்தப் பூலோக வைகுண்டத்தில் நீ தாயாரோடு சுகித்திருந்தால் எங்கள் கவலை தீர்வது எப்போது என்கிற தொனி. சித்திரை வீதியில் கூட்டத்தின் நெரிசலால் சுவாமிகள் அரங்கனைச் சேவிக்க முடியாமல் போயிற்று என்ற கதை நடந்ததோ இல்லையோ, இந்த ஐந்து பாட்டுகளும் வீதியிலிருந்து சந்நிதி வரை ஒரு மனம் போகும் வழியை உள்ளபடி காட்டுகின்றன. 'ஓ ரங்கசாயி'யை மட்டும் கேட்பவருக்கு அந்தக் கோபம் எங்கிருந்து வந்தது என்பது தெரியாமலே போகிறது.

எனவே திருவையாற்றைப் பார்த்து அதே முறையில் திருவரங்கத்திலும் லால்குடியிலும் கோஷ்டி கானம் தொடங்குவது தீர்வாகாது. மேலே சொன்னபடி, வடிவம் அதற்கு இடம் தராது. பொருத்தமான முன்மாதிரி வேறிடத்தில் இருக்கிறது. முத்துசுவாமி தீட்சிதர் திருவாரூர்க் கமலாம்பாள் மீது பாடிய நவாவரணக் கிருதிகள் கனத்தில் இவற்றுக்குச் சற்றும் குறைந்தவை அல்ல. அவற்றையும் ஒரே மூச்சில் பாடுவது பெரும்பாடு. நவராத்திரி அவற்றை ஏற்றுக்கொண்டது, நாளுக்கு ஒன்றாக. அதே தீட்சிதர் பஞ்சபூதத் தலங்களுக்குச் செய்த ஐந்தில் திருவானைக்காவலுக்குரிய யமுனா கல்யாணிப் பாட்டு இருக்கிறது. இயற்றியவரே வகுத்த தொகுப்பானாலும், அதற்கென்று ஐந்து நாள் கொண்ட விழா இல்லாததால் அதுவும் பெரும்பாலும் தனித்தே ஒலிக்கிறது. லால்குடி ஐந்துக்கு ஐந்து மாலைகள் வேண்டும். ஒரு மாலைக்கு ஒரு கீர்த்தனை, ஒரு பாடகர், ஆலாபனையும் நிரவலும் குறையாமல். திருவரங்கத்து ஐந்தைச் சித்திரைத் திருநாளை ஒட்டி, புறப்பாட்டில் தொடங்கிக் காம்போதியில் முடியும் வரிசையில் பாடலாம். பாடாந்தர வேறுபாடுகளை ஒதுக்காமல் எல்லாவற்றையும் பதிவு செய்ய வேண்டும், முக்கியமாக சாரங்காவையும் ஆரபியையும். ஒலிப்பதிவுக்கூடமும் அனுபவமும் திருச்சி வானொலியிடம் இருக்கின்றன. பாடக்கூடியவர்கள் திருச்சியிலும் திருவரங்கத்திலும் இன்று இருக்கிறார்கள்.